மாமாவின் ஜப்பான்காரர்

ஒரு மனிதனுக்கு எத்தனை டீசேர்ட்தான் வேண்டும்? என் மாமாவிடம் நாற்பத்தொன்று இருந்தன. அத்தனையும் என் அலுமாரியில். அம்மாவின் தம்பியான அவர் நியூசிலாந்தில் எங்கள் மனுரேவா வீட்டுக்கு வந்த நாளிலிருந்து, ஒன்பது வயதுக்காரியான என் உடுப்புகள் கட்டிலுக்கடியில் ஒரு சூட்கேசுக்குள் கிடந்தன. அவர் படுத்தது வரவேற்பறை சோபாவில். அதைப் பற்றி எனக்கென்ன? எனக்கு என் அலுமாரி வேண்டும்.

போட்டுத் தொலைத்தாலாவது பரவாயில்லை. பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்க மாட்டார். எல்லாம் ஒரே ஜப்பான்காரர் வடிவமைத்தவை. அந்த ஆள் பாட்டுக் குழுவும் வைத்திருந்தார். அவர் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. சோற்றைப் பிசைந்துகொண்டே மாமா தொடங்கிவிடுவார். சின்னக் கடையாம், ஒவ்வொரு வடிவத்திலும் கொஞ்சம்தான் அச்சடிப்பாராம், விடியமுன்னமே வாசலில் வரிசையாம்.

"கனக்க அடிச்சால் ஆரும் மதிக்க மாட்டினம், பிள்ளை."

அப்படிப்பட்டவர் எங்கள் ஒக்லாந்து நகரத்துக்கே பாட வருகிறார் என்றதும் மாமாவைப் பிடிக்க முடியவில்லை. தீபாவளியன்று மாலை நிகழ்ச்சி. முதன்முதலாக வாங்கிய வெள்ளை டீசேர்ட்டில் அவரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். "அது ஒண்டு கிடைச்சால் காணும், அக்கா" என்று அம்மாவிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

தீபாவளிக் காலையில் அம்மா, "எல்லாற்றை புது உடுப்பையும் எடுத்துக்கொண்டு வா, பிள்ளை" என்றார். சாமிப் படத்துக்கு முன் வைத்து மஞ்சள் பூசாமல் எங்கள் வீட்டில் யாரும் புது உடுப்புப் போடுவதில்லை. சூட்கேசைத் திறந்தால் என் பட்டுப் பாவாடை கசங்கிக் கிடந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் நேரே அலுமாரிக்குப் போனேன். மாமாவுடையதும் புதுசுதானே? வெள்ளையை உறையிலிருந்து உருவி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அம்மா எதையும் தொட்டும் தொடாமலும் செய்கிறவரல்ல. குழைத்த மஞ்சளைக் கழுத்தடியில் தாராளமாக அப்பினார்.

குளித்துவிட்டு வந்த மாமா, "ஐயோ அக்கா!" என்றார்.

"புது உடுப்புக்கு மஞ்சள் வைக்காமல் போடுறதே?" என்று தொடங்கிய அம்மா, அவர் முகத்தைப் பார்த்ததும் டீசேர்ட்டை எடுத்துக்கொண்டு ஓடினார். சவர்க்காரம் பட்டதும் மஞ்சள் சிவப்பாகி நெஞ்சுவரை பரவிவிட்டது.

"ஆர் எடுத்துக் குடுத்தது?" என்று மாமா கேட்டார்.

"அம்மாதான் கேட்டவா" என்றேன். பொய் இல்லையே! அந்தக் கெட்டித்தனத்தை இப்போது நினைத்தாலும் எனக்கே ஒரு அறை விடத் தோன்றுகிறது. மாமா திறந்து கிடந்த அலுமாரியையும் என் சூட்கேசையும் பார்த்தார். மறுபடி கேட்கவில்லை.

"வேற ஒண்டைக் கொண்டு போவன், தம்பி" என்று அம்மா அழாத குறையாகச் சொன்னார். "பரவாயில்லை அக்கா" என்றவர் அன்று மாலை எங்கும் போகவில்லை. எங்களோடு இருந்து வடை சாப்பிட்டார்.

அடுத்த மாதம் நகரத்தின் மறுபக்கம் ஏவன்டேலில் ஒரு அறை எடுத்துக்கொண்டு, தன் பெட்டிகளோடு போய்விட்டார். அவர் வேலை செய்த கிடங்கோ எங்கள் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளித்தான். நடந்து போகக்கூடிய வேலைக்கு இருட்டோடு எழும்பி ரயில் மாறி மாறி வருகிறாரே, இந்த மாமாவுக்கு மூளையே இல்லை என்று, காலியான அலுமாரியில் என் சட்டைகளை ஒவ்வொன்றாகக் கொளுவிக்கொண்டே நான் சிரித்தேன்.