வெயிலில் தெரியும் கறை

மாட்டுங்காவில் நாங்கள் குடியிருந்த வீட்டின் குளியலறை ஜன்னலில் எப்போதும் ஓர் எலுமிச்சை மூடி இருக்கும். பிழிந்து முடித்த பாதிப் பழம். அதை உப்பில் தொட்டு என் அக்காவின் விரல்களைத் தேய்ப்பது என் வேலை. எனக்குப் படிப்பு பள்ளிக்கூடத்தோடு சரி. அக்காவின் விஞ்ஞானத்தில் நான் கைவைத்த ஒரே இடம் அதுதான். அவள் விரல் நுனிகளில் மை கொட்டியதுபோல ஒரு கறுப்புக் கறை. எவ்வளவு தேய்த்தாலும் போகாது, தோல் உரிந்து புதுத் தோல் வந்தால்தான் போகும். அது தெரிந்தும், அம்மாவின் மனதுக்காக இரண்டு பேரும் தேய்த்துக்கொண்டிருப்போம்.

அறுபதுகளில் அக்கா ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தாள். மாஹிம் கடற்கழியிலிருந்து பாட்டில் பாட்டிலாக நீர் எடுத்துவந்து, அதில் உப்பு எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்ப்பாள். அதற்கு ஊற்றுகிற சில்வர் நைட்ரேட் கரைசல் குடிதண்ணீர் மாதிரித் தெளிவாக இருக்குமாம். கையில் பட்டால் அப்போது ஒன்றும் தெரியாது. அப்புறம் வெயில் பட்டால் கறுத்துவிடும். எங்கள் வீட்டுச் சங்கடமெல்லாம் இந்த ஒரு குணத்தால் வந்ததுதான்.

ஒருமுறை தாதரிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. முதல்நாள் இரவு அவள் கையைப் புரட்டிப் பார்த்து, "அப்பாடா, சுத்தமா இருக்கு" என்று அம்மா நிம்மதியாகத் தூங்கப் போனாள். மறுநாள் பால்கனியில் தலை உலர்த்திவிட்டு உள்ளே வந்த அக்காவின் வலக்கை விரல்கள் கறுத்திருந்தன. காபியை நீட்டிய அந்தக் கையைப் பிள்ளையின் தாயார் உற்றுப் பார்க்க, அம்மா முந்திக்கொண்டு, "வாழைப்பூ ஆஞ்சா மாமி, அந்தக் கறை" என்றாள்.

அந்த மாமிக்கு ஒரே சந்தோஷம். "பேஷ்! உசிலியெல்லாம் பண்ணுவியா?"

"தெரியாது மாமி. இது சில்வர் நைட்ரேட்" என்றாள் அக்கா.

வந்தவர்கள் திரும்பிப் போனார்கள். பதில் வரவில்லை.

பிறகு செம்பூரில் புதிதாகத் தொடங்கிய பெண்கள் கல்லூரிக்கு முதல்வராக வரும்படி அக்காவை அழைத்தார்கள். அப்பாவுக்குப் பிடிக்கவில்லை. "நன்னா போயிண்டிருக்கற ஆராய்ச்சிய விட்டுட்டு, நாற்காலில போய் உக்காரப் போறியா?" என்றார்.

"அந்த லேப்ல நான் ஒருத்திதாம்ப்பா பொம்மனாட்டி. எத்தனை வருஷம் இருந்தாலும் ஒருத்தியாத்தான் இருப்பேன். காலேஜுக்குப் போனா பத்துப் பேரை லேபுக்கு அனுப்பலாம்."

அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் விஞ்ஞானப் பிரிவில் பெண்களே சேரவில்லை. அமிலம் தெறித்துக் கை வெந்துபோனால் யார் கட்டிக்கொள்வார்கள் என்று பெற்றோருக்குப் பயம். போதிய பேர் சேராவிட்டால், ஆய்வகத்துக்கு ஒதுக்கிய அறையைத் தையல் வகுப்புக்குக் கொடுத்துவிடுவோம் என்று நிர்வாகக் குழு சொல்லிவிட்டது. பெற்றோர்களிடம் பேச ஒரு ஞாயிற்றுக்கிழமையைக் குறித்தாள் அக்கா. அதற்கு முந்தின நாள் தன் பழைய ஆராய்ச்சிக்கூடத்துக்குப் போய்விட்டு, இருட்டின பிறகு திரும்பினாள். கை சுத்தமாகத்தான் இருந்தது. காலையில் பார்த்தால் பத்து விரலும் கறுப்பு.

"இன்னிக்குன்னு பாத்தா இப்படி!" என்று அம்மா தலையில் கைவைத்துக்கொண்டாள். நான் எலுமிச்சை மூடியை எடுத்தேன். அக்கா கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வேண்டாம்டி. வேணும்னுதான் பட்டுண்டு வந்தேன்."

கூட்டத்தில் நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எல்லோருக்கும் தெரியும்படி அக்கா கைகளை விரித்துக் காட்டினாள். "கை வெந்துபோகாம எப்படி வேலை பண்றதுன்னு முதல்ல அதைத்தான் சொல்லிக்கொடுப்பேன். ஆனா இந்தக் கறை வரும். போகும், திரும்ப வரும். வராதுன்னு பொய் சொல்ல மாட்டேன்."

அப்போது தாராவியில் தோல் பட்டறை வைத்திருந்த ஒருவர் எழுந்து, சாயம் ஏறிப் பழுப்பாகிப்போன தன் கையைத் தூக்கிக் காட்டினார்.

"எங் கையப் பாருங்கம்மா. இதப் பாத்துட்டுத்தான எம் பொண்டாட்டி கழுத்த நீட்டுனா? எம் மவ பேர எழுதிக்கிடுங்க."

பக்கத்திலிருந்த அவர் மனைவி விடவில்லை. "ஆமா, அன்னைக்குக் கையப் பொத்திக்கிட்டுல்லா இருந்திய!"

கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் இன்னும் சிலர் எழுந்து வந்தார்கள். அறை ஆய்வகமாகவே நிலைத்தது.

அக்கா ஆராய்ச்சிக்குத் திரும்பவில்லை. கொஞ்ச நாளில் அவள் விரல்களும் கறையே இல்லாமல் என் விரல்களைப் போல ஆகிவிட்டன. கோப்புகளைப் பார்த்து முடித்தபின், சில சமயம் விரல் நுனிகளையே பார்த்துக்கொண்டிருப்பாள். என்ன நினைக்கிறாய் என்று கேட்க எனக்குத் தைரியம் வந்ததில்லை. ஆனால் தோல் பட்டறைக்காரரின் மகள் படித்து முடித்து, அக்கா விட்டுவந்த அதே ஆராய்ச்சிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்த அன்று, அக்கா வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் அந்தச் செய்தியைச் சொன்னாள். இன்றைக்கும் யாராவது "அவங்க உங்க அக்காவா?" என்று கேட்டால், தலையைக் குனிந்துகொண்டுதான் ஆமாம் என்பேன். உள்ளே நெஞ்சு நிமிர்ந்துகொள்ளும்.

ஓய்வுபெற்ற அக்கா இப்போது செம்பூரில் என்னோடு இருக்கிறாள். சமீபத்தில் கல்லூரி விழாவுக்குக் குத்துவிளக்கு ஏற்றிவைக்கக் கூப்பிட்டிருந்தார்கள். போய்விட்டு வந்த மறுநாள், பால்கனி வெயிலில் அவள் காபி குடிக்கும்போது பார்த்தேன். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கறுத்திருந்தன.

"விளக்கேத்தத்தானே போனே?" என்றேன்.

"லேப் திறந்திருந்துது" என்றாள்.

நான் உள்ளே போய் ஓர் எலுமிச்சம்பழத்தை நறுக்கினேன். முழுவதையும் ரசத்தில் பிழிந்துவிட்டு, மூடிகளைக் குப்பையில் போட்டேன்.