ரொட்டி பாலுவின் கால் முடிச்சு

பேய், ஆவி எதையும் நான் நம்பியதில்லை. நம்புகிறவனாக இருந்தால் பேய்ப் படத்தில் பிணமாக நடிக்கப் போயிருப்பேனா, நீங்களே சொல்லுங்கள். இன்றைக்கும் யாராவது புளிய மரம், வெள்ளைச் சேலை என்று ஆரம்பித்தால் நான் எழுந்து தேநீர் போடப் போய்விடுவேன். ஆனால் எங்கள் ஊர் சுங்கை பினாங்கில் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு நடந்ததை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று இத்தனை வருடமாகியும் தெரியவில்லை. கேட்டு முடித்ததும் நீங்கள் சிரிக்கலாம், எனக்கு வருத்தமில்லை, அது சிரிப்புப் படம்தான்.

இந்த மாதிரி விஷயத்தைச் சொல்கிறவர்கள் எல்லாரும் நடு இரவு என்றுதான் தொடங்குவார்கள். என்னுடைய இரவு காலை பதினோரு மணிக்கு நடந்தது. எங்கள் இயக்குநர் சேகர் கேமராவின் முன்னால் நீல நிறக் கண்ணாடித்தாளை ஒட்டிப் பகலை இரவாக்கியிருந்தான், விளக்கு வாடகைக்கு எடுக்க வழியில்லை, அதனால்.

சேகர் கல்யாண வீடுகளில் வீடியோ எடுப்பவன். எண்பதுகளின் கடைசி அது, வீட்டுக்கு வீடு வீடியோ வந்துவிட்ட காலம், செத்தவர்கள் எழுந்து நடக்கும் வெள்ளைக்காரப் படங்களும் குதித்துக் குதித்து வரும் சீனப் பேய்ப் படங்களும் கேசட் கடையில் சக்கைப்போடு போட்டன. நம் ஆட்களுக்கும் ஒன்று வேண்டும் என்று சேகருக்கு வெறி. கதை இதுதான்: ரொட்டி சானாய் என்கிற பரோட்டா போடும் பாலு என்பவர் செத்துப்போகிறார், கறி சரியில்லை என்று குறை சொன்ன வாடிக்கையாளர்களைக் கடிக்கப் பாடையிலிருந்து எழுந்து வருகிறார், கடிபட்டவர்களும் எழுந்து மற்றவர்களைக் கடிக்கிறார்கள்.

ஒரு சந்தேகத்தில் மட்டும் கதை பல நாள் நின்றுவிட்டது. அதைக் கிளப்பியவர் ராமசாமி அண்ணன். எங்கள் பக்கத்துச் சாவு வீடுகளில் சங்கு ஊதி எல்லாக் காரியமும் பார்ப்பவர். படத்திலும் அவர் அவராகவே வருவதாக ஏற்பாடு.

“நம்ம ஆளுங்களுக்குக் கால் கட்ட விரல் ரெண்டையும் சேத்துக் கட்டிடுவோமே, அப்புறம் எப்படிடா நடக்கும்?” என்றார் தேநீர்க் கடையில்.

“குதிக்கட்டும்ணே.”

“அது சீனப் பேய் லா. நம்ம மானம் என்னாவறது?”

“கட்டு அவுர்ற வரைக்கும் குதிக்கும், அவுந்ததும் நடக்கும். பாதி சீனப் படம், பாதி இங்கிலீஷ் படம். ரெண்டு பேரும் பாப்பாங்க” என்றான் சேகர். ராமசாமி அண்ணன் யோசித்துவிட்டு, “இழுத்தா அவுர்ற மாதிரி சுருக்கா நானே போட்டுத் தரேன்” என்றார்.

ரொட்டி பாலு நான்தான். எனக்கு நாலு பேர் முன்னால் வாய் வராது. தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்று ஒரு மளிகைக் கடையில் பொட்டலம் கட்டப் போனவன், அங்கேயும் வாடிக்கையாளரின் முகத்தைப் பார்க்காமல் கட்டிக்கொடுத்தே பழகியவன். “டேய் முத்து, நீதான் பேசவே மாட்டியே, ஒனக்குன்னே எழுதின வேஷம்டா” என்றான் சேகர். முகம் முழுக்க அரிசி மாவு பூசிக்கொண்டால் என்னை யாருக்கும் தெரியாது என்பது எனக்குப் பிடித்திருந்தது. ரத்தத்துக்கு ரோஸ் சிரப்.

படம் எடுத்த வீடு சரோஜா அக்காவுடையது. அதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அக்காவின் கணவர் வேலாயுதம் தொங்கானில் வேலை பார்த்தவர். கப்பலில் இருந்து சரக்கு இறக்கிக் கரைக்குக் கொண்டு வரும் பெரிய படகுதான் தொங்கான். மகள் கலா பள்ளிக்கூடம் சேர்ந்த வருடம் ஒரு நாள் வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. கப்பலுக்கும் படகுக்கும் நடுவில் விழுந்துவிட்டார் என்றார்கள் சிலர். சயாம் பக்கம் வேறு குடும்பத்தோடு அவரைப் பார்த்ததாகச் சொன்னவர்களும் உண்டு. உடல் கிடைக்கவில்லை. அக்கா பொட்டும் தாலியுமாகவே இருந்தார்.

இப்போது கலாவுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, பத்திரிகை அச்சுக்குப் போகாமல் நின்றது. அப்பா பெயருக்கு முன்னால் ‘அமரர்’ என்று போடுவதா வேண்டாமா? மாப்பிள்ளை வீட்டில் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டார்கள். கல்யாண மேடையில் அக்கா நிற்கலாமா, ஒதுங்கி உட்கார வேண்டுமா என்ற பேச்சும் எழுந்துவிட்டது. பந்தல் போட இடம் கேட்க நானும் சேகரும் போனபோது அக்காவே சொன்னார்.

“உசிரோட இருக்கற மனுஷனுக்கு அமரர்னு போட்டா பாவம் தம்பி. போயிட்டவருக்குப் போடாம விட்டா அதுவும் பாவம். நான் யாரப் போய்க் கேக்கறது?”

சேகர் தலையைச் சொறிந்துகொண்டு, “பழைய வேட்டி சட்ட ஏதாச்சும் இருக்காக்கா, பொணத்துக்கு?” என்று கேட்டான். அவன் அப்படித்தான், கெட்ட எண்ணம் கிடையாது, படத்தைத் தவிர வேறு நினைப்பும் கிடையாது.

அக்கா உள்ளே போய் இரும்புப் பெட்டியைத் திறந்து ஒரு கரை வேட்டியும் வான நீலச் சட்டையும் கொண்டு வந்தார். கலாவுக்கு முகம் சிவந்துவிட்டது.

“அம்மா, அப்பா சட்டையப் போயா? அதுவும் பொணத்துக்கா?”

“பூச்சி அரிச்சிக்கிட்டுத்தானே கெடக்கு. யாராச்சும் போட்டுப் பாக்கட்டும்.”

யாராச்சும் போட்டுப் பாக்கட்டும் என்று அக்கா சொன்னதை நான் பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறேன். எதை நினைத்து அப்படிச் சொன்னார் என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வாசலில் பந்தல். பெஞ்சில் தெற்கே தலை வைத்து என்னைக் கிடத்தினார்கள். ராமசாமி அண்ணன் தாடையைச் சுற்றித் துணி கட்டினார், கைக் கட்டை விரல்களைக் கட்டினார், கால் விரல்களுக்கு வெள்ளைத் துணியில் சொன்னபடியே சுருக்கு முடிச்சு போட்டார். தலைமாட்டில் விளக்கு. தெருவில் போனவர்கள் சைக்கிளை நிறுத்தி, “யாருங்க?” என்று துக்கம் விசாரித்தார்கள், ரொட்டி பாலு என்று சொன்னால் “ஐயோ, எந்தக் கடை?” என்று மறுபடியும் கேட்டார்கள். ஒரு சீனக் கிழவர் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மூன்று முறை குனிந்து கும்பிட்டுவிட்டே போனார். சேகர் எல்லாரையும் உள்ளே இழுத்து உட்கார வைத்தான், கூலியில்லாத கூட்டம்.

இதில் எனக்கு ஒரே துன்பம் எறும்பு. கழுத்தில் ஊற்றிய சிரப்புக்கு வரிசை கட்டி வந்தன. பிணம் நெளியக்கூடாதே, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

“முத்து, மூணாவது சங்குக்குக் கண்ணத் தொறக்கற, ஒக்கார்ற. எல்லாரும் அலறிக்கிட்டு ஓடணும். அக்கா, நீங்க தலமாட்டுல ஒக்காந்து அழுவுங்க, அப்புறம் ஓடிடுங்க, சரியா?” என்றான் சேகர்.

தப்பு மேளம் அடித்தார்கள். முதல் சங்கு. ராமசாமி அண்ணன் நடுவில் செத்தவரின் பேரைச் சொல்லி வழியனுப்ப வேண்டும், ரொட்டி பாலு என்று சொன்னதும் கூட்டத்தில் ஒருவன் களுக்கென்று சிரிக்க வேண்டும், அதுதான் காட்சி. அண்ணன் வேலாயுதம் என்று சொன்னார். ஊர் பெயர், அப்பா பெயர் எல்லாம் சேர்த்து, உண்மையான காரியத்துக்குச் சொல்வது போலவே சொன்னார். யாரும் சிரிக்கவில்லை. (பிறகு கேட்டதற்கு, “எனக்குத் தெரிஞ்சது ஒரே விதம்தான்பா, அந்த வாசல்ல நின்னுக்கிட்டு வேற பேரு வாயில வரல” என்றார்.)

இரண்டாவது சங்கு. அப்போது அக்கா என் காதருகே குனிந்தார். சத்தத்தில் யாருக்கும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.

“பத்திரிகையில ஒங்க பேருக்கு முன்னால என்ன போடட்டும்? சொல்லிட்டுப் போங்க.”

அதற்குப் பிறகு நடந்தது எனக்குத் தெரியாது. தூங்கவில்லை, மயக்கமும் இல்லை. எறும்பு கடிப்பது சட்டென்று நின்றது, வாயில் உப்புக் கரித்தது, அவ்வளவுதான் நினைவு. அடுத்துக் கேட்டது சேகரின் கூச்சல்.

“அக்கா, ஓடுங்கக்கா! பேய் வந்திருச்சு, ஓடுங்க லா!”

நான் உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் ஓடிவிட்டிருந்தார்கள், நாற்காலிகள் கவிழ்ந்து கிடந்தன. அக்கா மட்டும் அசையாமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பயமில்லை. நல்ல வேளை வந்தீர்கள் என்று ஒருவரைப் பார்க்கிற பார்வை. தாடைத் துணி போட்டது போட்டபடி இறுக்கமாக இருந்தது, கைக் கட்டும் அப்படியே.

அடுத்த காட்சிக்குக் கட்டிய கையாலேயே கால் கட்டை இழுத்தேன். அவிழவில்லை. சேகர் இழுத்தான், இன்னும் இறுகியது. ராமசாமி அண்ணன் வந்து குனிந்து பார்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டார்.

“இது என் முடிச்சு இல்ல.”

“வெளயாடாதீங்கண்ணே, நேரம் போவுது.”

“டேய், எத்தன கால கட்டியிருக்கேன், என் முடிச்சு எனக்குத் தெரியாதா? இத நான் போடல.”

கத்தரிக்கோல் தேடினார்கள். அதற்குள் அக்கா எழுந்து வந்து என் காலருகே உட்கார்ந்தார். இழுக்கவில்லை. கட்டை விரலை முடிச்சுக்குள் வைத்து எதிர்ப்பக்கமாகத் தள்ளினார், பூப்போல அவிழ்ந்து விழுந்தது. கலா வாயைப் பொத்திக்கொண்டாள். எங்களுக்கு அப்புறம் அவள்தான் சொன்னாள், அந்த வீட்டுக் கொடிக்கயிறு, அவளுடைய தொட்டில், கோழிக் கூண்டு எல்லாவற்றையும் அவள் அப்பா அந்த முடிச்சில்தான் கட்டுவாராம், தொங்கான்காரர்களுடைய முடிச்சாம், அக்காவைத் தவிர வீட்டில் யாருக்கும் அவிழ்க்க வராதாம்.

அக்கா உள்ளே போனார். கொஞ்ச நேரம் கழித்து எல்லாருக்கும் தேநீர் கொண்டு வந்தார். நெற்றியில் பொட்டு இல்லை.

என் கைக் கட்டை விரல்கள் கட்டியே இருந்தன என்று சொன்னேன் அல்லவா, அதை மறந்துவிடாதீர்கள். யாரோ குறும்புக்குக் கால் முடிச்சை மாற்றியிருப்பார்கள் என்று நீங்கள் நினைப்பது தெரிகிறது, நானும் நினைத்தேன். அதற்காகவே சேகர் வீட்டில் கேசட்டைத் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். இரண்டாவது சங்கு வரை என் காலில் ராமசாமி அண்ணனின் சுருக்கு தெளிவாகத் தெரிகிறது. அந்த நேரம் பார்த்துத் தப்புக்காரன் ஒருவன் நன்றாக ஆடினான் என்று சேகர் கேமராவை அவன் பக்கம் திருப்பிவிட்டான். திரும்பி வரும்போது நான் உட்கார்ந்திருக்கிறேன், காலில் வேறு முடிச்சு. என் கழுத்தெல்லாம் எறும்பு, கன்னத்தில்கூட, நான் கண் சிமிட்டவே இல்லை. இப்போது கேசட்டில் பூஞ்சை பிடித்துவிட்டது, காட்டச் சொன்னால் காட்ட முடியாது. நம்பினால் நம்புங்கள்.

படம் நாலைந்து கேசட் கடைகளில் ஓடியது. ஓடாமல் உட்கார்ந்திருக்கும் அந்த அம்மா வரும் இடத்தில்தான் ஜனங்கள் விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.

கலாவின் பத்திரிகை எனக்கும் வந்தது. ‘அமரர் வேலாயுதம்’ என்று அச்சடித்திருந்தார்கள். அதற்கு முன்பே அக்கா கடற்கரையில் அவருக்குக் காரியம் செய்துவிட்டார் என்று கேள்விப்பட்டேன். தண்ணீர்மலைப் பக்கம் மண்டபத்தில் கல்யாணம். மேடையில் நிற்கலாமா என்று யாரையும் கேட்காமல் அக்கா பொட்டில்லாத நெற்றியோடு மகள் பக்கத்திலேயே நின்றார், யாரும் வாய் திறக்கவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் நான் ஓரத்து இலையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து அவரே ரசம் கொண்டு வந்தார்.

“தம்பி, அன்னிக்கு நீங்க சொன்ன வார்த்தைக்கு ஒங்களுக்கு நான் என்ன செய்யப் போறேன்?”

“நான் என்னக்கா சொன்னேன்?”

அக்கா என் இலையில் ரசம் ஊற்றினார். “தெரியாதா ஒங்களுக்கு?” என்றார். பிறகு, “அப்ப சரி. சாப்பிடுங்க” என்று அடுத்த இலைக்குப் போய்விட்டார். மறுபடி கேட்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அக்கா இறந்தும் சில வருடங்கள் ஆகிவிட்டன.

இதை எல்லாம் ஏதோ ஒரு கணக்கில் எழுதிவிட்டு மறந்திருப்பேன். நான் இப்போதும் அதே மளிகைக் கடையில்தான் பொட்டலம் கட்டுகிறேன். எனக்குப் படகு தெரியாது, நீச்சல் தெரியாது, பட்டர்வொர்த் போகிற ஃபெர்ரிப் படகில் ஏறினாலே தலை சுற்றும். ஆனால் எப்போதாவது கூட்டமான நேரத்தில், பக்கத்தில் ஆள் பேசிக்கொண்டிருக்க என் கை பாட்டுக்கு ராபியா என்கிற பிளாஸ்டிக் கயிற்றைச் சுற்றிக் கட்டிவிடுகிறது, வாடிக்கையாளர் வீட்டுக்குப் போய் அவிழ்க்க முடியாமல் திரும்பக் கொண்டு வந்து திட்டுகிறார். எப்படிக் கட்டினேன் என்று தனியாக உட்கார்ந்து, கையையே பார்த்துக்கொண்டு மெதுவாகக் கட்டிப் பார்த்திருக்கிறேன், எனக்குத் தெரிந்த சாதாரண முடிச்சுதான் விழுகிறது.

நேற்றும் ஒரு பருப்புப் பொட்டலம் திரும்பி வந்தது. முதலாளி கத்தரிக்கோலை எடுத்தார். வேண்டாம் என்று வாங்கிக்கொண்டேன். அவிழ்ப்பது எனக்குத் தெரியும், அக்கா செய்ததைப் பார்த்திருக்கிறேன். இழுக்கக்கூடாது, கட்டை விரலை உள்ளே வைத்து எதிர்ப்பக்கமாகத் தள்ள வேண்டும்.