சீட்டைக் காட்டு, துணியை வாங்கு

மார்பைச் சுற்றி டேப்பைப் போட்ட பிறகுதான் கேட்பார். அதற்கு முன்பே கேட்டால் பெண்கள் நழுவிவிடுகிறார்கள் என்பது அவருடைய அனுபவம். டேப்பின் இரண்டு முனைகளும் அவர் கையில் இருக்கும். வாயில் மூன்று குண்டூசிகள். அவற்றின் இடுக்கிலிருந்து கேள்வி வரும்.

"படம் எடுத்துப் பாத்தியா?"

"என்ன படம்க்கா?"

"சினிமாவா கேக்கறேன்? மார்புப் படம், மேமோகிராம். நாப்பது தாண்டிடுச்சுல்ல?"

"எனக்கென்னக்கா, கல்லு மாதிரி இருக்கேன்."

"உள்ள கல்லு இருக்கான்னு பாக்கத்தான் போகச் சொல்றேன். கையத் தூக்கு."

தெருவில் அவர் பெயர் டெய்லரக்கா. வயது ஐம்பத்தெட்டு. பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால், சலவைக் கடைக்கும் சாவி செய்பவர் கடைக்கும் நடுவில் எட்டடி அகலத்தில் அவர் கடை. ஒரு மோட்டார் தையல் இயந்திரம், ஓர் இஸ்திரி மேஜை, ஆளுயரக் கண்ணாடி, அளவு எடுக்க ஒரு திரை. கண்ணாடியின் ஓரத்தில் மருத்துவமனை கொடுத்த மார்பகப் புற்றுநோய் விளக்கத்தாள் ஒட்டியிருக்கிறது. கடைசி வரியில் 'மாற்றம் தெரிந்தால் மருத்துவரை அணுகவும்' என்று அச்சிட்டிருந்ததைப் பேனாவால் அடித்துவிட்டு, 'யோசிக்காதே, கிளம்பு' என்று எழுதி வைத்திருக்கிறார்.

கழுத்தில் டேப் இல்லாமல் அவரைப் பார்க்க முடியாது. வங்கிக்கும் அதோடுதான் போவார். நூலைப் பல்லால் கடித்து அறுப்பார். மற்றவர்கள் கடித்தால் திட்டுவார். வானொலியில் செய்தி வாசிப்பவருக்குப் பதில் சொல்வார். யார் எடை கூடினார், யார் இளைத்தார் என்பது தெருவில் முதலில் அவருக்குத்தான் தெரியும். "போன வருஷத்தவிட ரெண்டு இஞ்ச் சந்தோஷமா இருக்கே" என்பார். கேட்பவர்களுக்குக் கோபம் வருவதில்லை.

அவருடைய விதி ஒன்றே ஒன்று. சீட்டைக் காட்டு, துணியை வாங்கு. நாற்பது தாண்டிய பெண் பரிசோதனைக்குப் போய்வந்த சீட்டைக் காட்டாவிட்டால், தைத்த துணி மேல் தட்டிலேயே இருக்கும். இப்போது அங்கே ஒரு பள்ளி ஆசிரியையின் கோட்டும், ஓட்டல் வரவேற்பாளரின் சீருடையும், யாரோ ஒருவரின் மஞ்சள் கவுனும் கிடக்கின்றன. கவுன் மூன்று மாதமாக இருக்கிறது.

"அவ பிடிவாதக்காரி. ஆனா கவுனு நல்ல கவுனு. வருவா."

கையில் பணம் இல்லாதவர்களுக்கும் வழி வைத்திருக்கிறார். வெட்டி மிஞ்சிய துண்டுகளை இணைத்துக் கைப்பைகள் தைத்து வாசலில் தொங்கவிட்டிருக்கிறார். பக்கத்தில் ஓர் அட்டை: 'நீங்கள் பை எடுத்தால் இன்னொருத்தி படம் எடுப்பாள்.' அந்தப் பணம் நேராக மருத்துவமனையின் பரிசோதனை நிதிக்குப் போகிறது. பை வாங்காமல் அந்தக் கடையைக் கடப்பது கடினம். சாவிக்காரர் ஒரு தடவை மாட்டிக்கொண்டார்.

"எனக்கு எதுக்குக்கா பை?"

"பொண்டாட்டி இருக்காளா?"

"இருக்கா."

"அக்கா தங்கச்சி?"

"ஒரு அக்கா."

"அப்ப ரெண்டு எடு. பேரம் பேசினா மூணு."

மருந்துக்கடைக்காரம்மாவுடன் நடந்த சண்டையைத் தெருவே கேட்டது. அவருடைய வெள்ளைக் கோட்டு பத்து நாளாகத் தட்டில் இருந்தது.

"என் துணி, என் காசு. வெச்சுக்க நீ யாரு?"

"துணி உன்னுது. தையல் என்னுது. தையலப் பிரிச்சுட்டுத் தரவா?"

"மருந்து விக்கறவ நான். எனக்கே பாடம் எடுக்கறியா?"

"மருந்து விக்கறவளுக்குத்தான் நோயே வராதுன்னு நெனப்பு."

"போலீசுக்குப் போறேன் பாரு."

"போயேன். போற வழியிலதான் ஆஸ்பத்திரி."

அவர் போனார். போலீசுக்கு அல்ல. பட்டாணி அளவில் ஒரு கட்டி இருந்தது. கையால் தொட்டால் தெரியாத ஆழத்தில். எடுத்துவிட்டார்கள். இப்போது மருந்துக்கடையில் அதே வெள்ளைக் கோட்டில் நிற்கிறார். அவருடைய மகள், கல்லூரியில் படிப்பவள், ஒருநாள் கடைக்கு ஓடிவந்து டெய்லரக்காவைக் கட்டிக்கொண்டு, "எங்கம்மாவத் திருப்பிக் குடுத்துட்டீங்க" என்று அழுதாள். அளவு கொடுக்க வந்த நான் திரைக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். அந்தப் பெண்ணை வெறுத்தேன். இரண்டு நிமிடம்தான். ஆனால் வெறுத்தேன்.

என் அம்மாவும் இந்தக் கடைக்கு வந்தவர்தான். இருபத்திரண்டு வருடம். அம்மா இறந்து பதினான்கு மாதம் ஆகிறது. அதே நோய்.

என் வேலை, தொழிற்சாலைகளில் அளவுக் கருவிகளைச் சரிபார்ப்பது. ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு பிசகினாலும் கருவியைத் தனியே எடுத்து வைத்துச் சிவப்புச் சீட்டு ஒட்டுவேன். அம்மாவும் நானும் ஒரே வீட்டில் இருந்தோம்.

எங்கள் தொழிற்சாலைப் பெண்கள் சென்ற மாதம் டெய்லரக்காவைப் பேச அழைத்திருந்தார்கள். சாப்பாட்டுக் கூடத்தில் எண்பது பேர் இருப்பார்கள். நான் பின்னால் தண்ணீர்க் குழாய் அருகே நின்றேன். அவர் என்னைக் கவனிக்கவில்லை. ஒலிபெருக்கியை வேண்டாம் என்று தள்ளிவிட்டு, கழுத்து டேப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினார்.

"எனக்கு ஒரு அம்மா ரொம்ப வருஷமா வாடிக்கை. மூணு மாசத்துக்கு ஒரு சட்டை தெப்பாங்க. ஒரு தடவ, இடது பக்கம் இழுக்குதுன்னாங்க. நான் என்ன பண்ணேன்? தையலப் பிரிச்சு அரை இஞ்ச் விட்டேன். அடுத்த சட்டையும் இழுத்துச்சு. அதுல முக்கால் இஞ்ச் விட வேண்டியிருந்துச்சு. ரெண்டு பக்கமும் யாருக்குமே ஒரே மாதிரி இருக்காது, அதனால சந்தேகமே வரல. சட்டை கச்சிதமா உக்காந்துச்சு. என் கைவேலையப் பாத்து நானே மெச்சிக்கிட்டேன். மூணாவது சட்டைக்குத்தான் பழைய அளவு நோட்டப் புரட்டினேன். முன்ன இல்லாத வித்தியாசம், இடது பக்கம் மட்டும். கேட்டேன். 'வலிக்கல, அதான் யார்கிட்டயும் சொல்லல'ன்னாங்க. அதுக்குள்ள எட்டு மாசம் போயிடுச்சு. உடம்பு சொன்னத துணி கேட்டுச்சு, நான் கேக்கல. நோயை உள்ள வெச்சு அழகாத் தெச்சுக் குடுத்தவ நான். நீங்க யாரும் எனக்கு அந்த மாதிரி துணி கொண்டு வரக்கூடாது. படம் எடுத்துட்டு வாங்க."

யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பைகள் எல்லாம் விற்றுப் போயின. அறுபத்தோரு பேர் பரிசோதனைக்குப் பெயர் கொடுத்தார்கள்.

அன்று வீட்டுக்குப் போனதும் அம்மாவின் அலமாரியைத் திறந்து கடைசிச் சட்டைகளை எடுத்து உள்பக்கம் திருப்பினேன். பழைய தையல் இருந்த இடத்தில் ஊசித் துளைகள் வரிசையாகத் தெரிந்தன. அங்கிருந்து புதுத் தையல் வரை எஃகு அளவுகோலை வைத்தேன். பன்னிரண்டரை மில்லிமீட்டர். அடுத்ததில் பத்தொன்பது. அவர் சொன்னது சரிதான்.

கோபம் வரவேண்டும் என்று காத்திருந்தேன். வந்தது பொறாமை. அம்மாவின் உடம்பில் வந்த மாற்றம் அவர் விரலுக்குத் தெரிந்திருக்கிறது. அம்மா அதை முதலில் சொன்னதும் அவரிடம்தான். அவருடைய குற்ற உணர்வுக்குக்கூட அரை அங்குலம், முக்கால் அங்குலம் என்று அளவு இருக்கிறது. எண்பது பேர் முன்னால் எடுத்துச் சொல்ல முடிகிறது. தவறு செய்யுமளவுக்காவது அவர் பார்த்திருக்கிறார். நான் எதையும் பார்க்கவில்லை.

இன்னொன்றும் உண்டு. எழுதக் கூச்சமாக இருக்கிறது. தெருவில் இருக்கும் எல்லாப் பெண்களையும் விரட்டும் டெய்லரக்கா என்னை மட்டும் விரட்டுவதில்லை. எனக்கு நாற்பத்து மூன்று வயது. என் தாய்க்கு இந்த நோய் இருந்தது. விரட்ட வேண்டியவர்களின் பட்டியலில் முதல் ஆள் நான். ஆனால் டேப்பைப் போடுவார், எண்ணை முணுமுணுப்பார், எடுத்துவிடுவார். சொன்ன நாளில் துணி தயாராக இருக்கும். அம்மா இருந்தவரை என்னை "ஏய், வா" என்றவர் இப்போது "வாங்க" என்கிறார். நானே போயிருக்கலாம். இரண்டு முறை பரிசோதனைக்கு நேரம் வாங்கி, இரண்டு முறையும் ரத்து செய்தேன். யாராவது திட்டி அனுப்பினால் போகலாம் என்று இருந்தது. திட்டுகிற ஆளோ பக்கத்து ஆளைத் திட்டிக்கொண்டிருந்தார்.

போன வாரம் போனபோது திரைக்குள் சாவிக்காரர் மனைவி புதுக் கவுனைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியிலிருந்தே டெய்லரக்கா அவரை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தார்.

"அடியே, பூட்டுக்கெல்லாம் சாவி போடறான் உன் புருஷன். நீ ஒரு படம் எடுக்க பயந்து சாகறே. வெக்கமா இல்ல?"

என்னைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டார். "வாங்க. கோட்டு ரெடியா இருக்கு."

கோட்டை நான் தொடவில்லை. "அக்கா, எனக்கு நாப்பத்தி மூணு."

"தெரியும்."

"எல்லாரையும் கேக்கறீங்க. என்னை ஏன் கேக்கல?"

வாயிலிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பஞ்சில் குத்தினார். அதற்கு நேரம் எடுத்துக்கொண்டார்.

"அன்னிக்கு நீங்க குழாய்கிட்ட நின்னதக் கடைசியிலதான் பாத்தேன். உங்ககிட்ட எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டுக் கேப்பேன்?"

"ஊரையே கேக்கறீங்களே."

"ஊர்ல வேற யாரோட அம்மாவையும் நான் தொலைக்கல."

"நீங்க மூணு மாசத்துக்கு ஒரு தடவ பாத்தீங்க. நான் தினமும் பாத்தேன்."

திரைக்குள்ளிருந்து குரல் வந்தது. "ரெண்டு பேரும் அழுது முடிச்சிட்டா சொல்லுங்க. ஜிப்பு பாதியில மாட்டிக்கிச்சு, எனக்கு மூச்சு முட்டுது."

டெய்லரக்கா உள்ளே போய் ஜிப்பை ஏற்றிவிட்டு வந்தார். வந்ததும் கேட்டார்: "நாளைக்கு லீவு போடுவியா?"

மறுநாள் காலை பத்து மணிக்கு, கடையில் மூன்று பேர் காத்திருந்தபோது, ஷட்டரை இழுத்துவிட்டு என்னோடு கிளம்பினார். மருத்துவமனையில் நர்ஸ், "இன்னிக்கு யாரக்கா உங்ககிட்ட மாட்டினது?" என்று கேட்டார். டெய்லரக்கா படிவத்தை வாங்கி என்னிடம் நீட்டினார்.

இயந்திரத்தின் பக்கவாட்டில் சரிபார்ப்புச் சீட்டு ஒட்டியிருந்தது. பழக்கத்தில் தேதியைப் பார்த்தேன். சரியாக இருந்தது. பக்கத்துக்கு இரண்டு படங்கள். அழுத்தும்போது வலித்தது, எண்ணிப் பத்து வினாடிகூட இல்லை. உடுத்திக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

சற்று நேரத்தில் நர்ஸ் கதவைத் திறந்தார். "இடது பக்கம் இன்னொரு படம் வேணும். பயப்படாதீங்க, நிறைய பேருக்கு ரெண்டாவது தடவ எடுக்கறதுதான்."

தோல் மடிப்பு விழுந்து வந்த நிழல் அது, வேறொன்றும் இல்லை என்று அடுத்த வாரம் தெரிந்தது. அந்த நிமிடத்தில் இரண்டு பேருக்கும் தெரியாது. நான் எழுந்தேன். டெய்லரக்கா என் பக்கம் திரும்பவில்லை. எதிர்ச் சுவரைப் பார்த்தபடி இருந்தார். தெருவில் எல்லோரையும் உரிமையோடு பிடித்துத் திருப்புகிற அந்தக் கை மெல்ல நீண்டது. என் கையைப் பிடிக்கவில்லை. என் சட்டைக் கையின் ஓரத்தை மட்டும் இரண்டு விரல்களால் பற்றிக்கொண்டது. நர்ஸ் மறுபடியும் அழைத்தார். அந்த விரல்கள் விடவில்லை.