மிஸ்ஸி படிக்க வைத்த பக்கம்

பிலோமினா மிஸ்ஸிமேல் எனக்கு ஒன்பது வருடக் கோபம் இருந்தது. கிள்ளானில் ஒரு கிளினிக்கில் என் மறைவிடத்து மருவைப் பார்த்த நர்ஸ் அவர்தான். "புருஷன் பொண்டாட்டிக்குள்ள தொத்திக்கும், அக்காவையும் கூட்டிட்டு வாங்க" என்றவர், எப்போது வந்திருக்கும் என்று சொல்லவே இல்லை. வீட்டுக்குப் போனதும் என் மனைவி குமுதாவிடம், "எவன்கிட்ட வாங்கினே?" என்று கேட்டேன். மறுநாளே அவள் சுங்கை வேயில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டாள். ஒரு மிஸ்ஸியால் என் குடும்பம் கெட்டது என்று லோரி ஓடிய இடமெல்லாம் சொன்னேன். நோயை மட்டும் சொல்லவில்லை.

மிஸ்ஸி பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவர். கூச்சப்பட்டு நிற்கிறவனிடம், "மூக்குல வந்திருந்தா ஊருக்கே காட்டியிருப்பீங்க. கழட்டுங்க அண்ணே" என்பார்.

போன வருடம் மரு திரும்ப வந்தது; வேறு வழியில்லாமல் அதே கிளினிக்குக்குப் போனேன். அப்போது டாக்டர்கள் கூடி, இந்த நோய்க்கு எப்படி வைத்தியம் பார்ப்பது என்று வரிக்கு வரி ஆராய்ச்சி ஆதாரம் தேடிப் புது வழிகாட்டி எழுதிக்கொண்டிருந்தார்கள். மிஸ்ஸியும் அந்தக் குழுவில் இருந்தார். நோயாளிக்கான தமிழ்ப் பக்கத்தை நோயாளிகளையே உரக்கப் படிக்க வைப்பார். குரல் இறங்கும் இடத்தில், மாற்றி எழுதுவதற்காகச் சிவப்புப் பென்சிலால் கோடு போடுவார்.

"நான் ஆறாங் கிளாஸ்தான் மிஸ்ஸி."

"அதான் வேணும் லா. டாக்டருக்கு மட்டும் புரிஞ்சா போதுமா?"

எழுத்துக் கூட்டிப் படித்தேன். "கிருமி பல வருடம் வெளியே தெரியாமல் இருக்கலாம். யாரிடமிருந்து, எப்போது வந்தது என்று சொல்ல முடியாது. துணை தவறு செய்தார் என்பதற்கு இது அடையாளமல்ல."

அந்த வரியில் விரலை வைத்து நிறுத்தினேன். கல்யாணத்துக்கு முன்னால் தாய்லாந்து எல்லைவரை லோரி ஓட்டிய காலத்தில் நான் எங்கெல்லாம் தங்கினேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

"இதை அன்னைக்கே சொல்லியிருந்தா குமுதாவைச் சந்தேகப்பட்டுக் கேட்டிருப்பேனா? அவ சுங்கை வேக்குப் போயிருப்பாளா?"

"சொல்ல வந்தேன் அண்ணே. நீங்க பாதியிலயே கழட்டின சிலுவாரை மாட்டிக்கிட்டு ஓடிட்டீங்க. இந்த வரிக்கு ஆதாரம் எங்கன்னு குழுவுல கேட்டாங்க, தேடி எடுத்துக் காட்டினேன். அக்காவைக் கேட்டீங்களே, உங்ககிட்ட என்ன ஆதாரம் இருந்துச்சு?"

பக்கத்தை அவரிடமே நீட்டினேன்.

"அக்கா கர்ப்பப்பை வாய்ப் புத்துநோய் இருக்கான்னு டெஸ்ட் எடுத்தாங்களா?"

"தெரியாது."

"ஒன்பது வருஷமாவா?" அவர் முதல்முறையாகச் சத்தம் போட்டார். பிறகு பென்சிலைக் கீழே வைத்தார். "இந்த வெள்ளிக்கிழமையோட நான் ரிட்டயர். அதுக்குள்ள சுங்கை வேக்குப் போங்க. கேட்டது தப்புன்னு உங்க வாயால சொல்லுங்க. அவங்க திட்டினா நின்னு கேளுங்க. அப்புறம் டெஸ்டுக்குக் கூட்டிட்டு வாங்க."