கவுத்த கந்தசாமி கவிழ்க்காத வண்டி

செவ்வாய்க்கிழமை காலை ஆத்தூர் ரோட்டில், அயோத்தியாப்பட்டணம் டீக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தேன். போன் வந்தது. நாமக்கல் மர மில் மேஸ்திரி. "ஏனுங்க, சேதி தெரியுமுங்களா? கந்தசாமி போயிட்டாருங்க. விடியக்காலம் நெஞ்சு வலின்னு சொன்னாராம், ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சு போச்சு" என்றார். எந்தக் கந்தசாமி என்று கேட்டேன். எங்கள் தொழிலில் கந்தசாமிகளுக்குப் பஞ்சமில்லை. "அதானுங்க, கவுத்த கந்தசாமி" என்றார்.

டீயை அப்படியே வைத்துவிட்டேன். செத்த மனுசனுக்கு அடையாளம் சொல்ல அவருக்கு வேறு வார்த்தை கிடைக்கவில்லை. அவரைக் குற்றம் சொல்ல முடியாது. பதினான்கு வருடமாக எல்லாரும் அப்படித்தான் சொல்கிறீர்கள். நானும் அதைக் கேட்டுக்கொண்டு வாயைத் திறக்காமல்தான் இருந்தேன்.

கந்தசாமி அண்ணனைத் தெரிந்தவர்களுக்கு எங்கள் தொழிலைச் சொல்ல வேண்டியதில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டங்களுக்குள் நிழலுக்கு நட்ட சில்வர் ஓக் மரங்களை வெட்டுவார்கள். சரிவில் விழுந்து கிடக்கும் அந்த மரத்தைச் சங்கிலி போட்டு, லாரி நிற்கும் இடம்வரை இழுத்துக்கொண்டு வர ஒரு வண்டி உண்டு. ஸ்கிட்டர் என்று அதற்குப் பெயர். நாங்கள் இழுவை வண்டி என்போம். நாலு பெரிய டயர், பின்னால் கம்பி வடத்தைச் சுருட்டி மரத்தை இழுக்கும் விஞ்ச். அவர் திருச்செங்கோட்டுப் பக்கம், நான் சேலத்துக்குக் கிழக்கே. இரண்டு பேரும் தரையில் டிராக்டரில் உழவு ஓட்டிக்கொண்டிருந்துவிட்டு மலைக்குப் போனவர்கள். என்னைவிட ஆறு வயது மூத்தவர். தொழிலை இரண்டு பேரும் சேர்ந்துதான் கற்றுக்கொண்டோம். அவர் சீக்கிரம் கற்றுக்கொண்டார், அவ்வளவுதான் வித்தியாசம்.

வண்டி வாங்கப் போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. நாமக்கல்லுக்கு வெளியே, போர்வெல் போடும் ரிக் வண்டிகளும் பழைய லாரிகளும் நிற்கும் ஒரு யார்டு. முதலாளி எங்கள் இரண்டு பேரையும் கூட்டிப் போயிருந்தார். விலைக்கு இரண்டு இழுவை வண்டிகள் நின்றன. ஒன்று புதுப் பெயிண்ட் அடித்து, உயரமாக, ராஜா மாதிரி நின்றது. இன்னொன்று குட்டையாக, அகலமாக, துருப்பிடித்து. விற்கிறவர் பெரிய வண்டி எத்தனை குதிரைத்திறன், எத்தனை எச்பி என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். நான் அதில் ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்துப் பார்த்துக்கொண்டேன். கந்தசாமி அண்ணன் ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்துவிட்டார்.

வெளியே வந்ததும் லாரியில் சாமான் ஏற்றும் சாய்தளத்தைக் காட்டி, இரண்டு வண்டியையும் அதில் பாதி ஏற்றி நிறுத்தச் சொன்னார். என்ஜினை அணைத்துவிட்டுப் பிரேக் மட்டும் போடச் சொன்னார். ராஜா வண்டி ஒரு சாண் பின்னால் நழுவியது. துருப்பிடித்தது அசையவில்லை. "ஏறுற வண்டி எல்லாத்துக்கிட்டயும் இருக்குதுங்க. நீங்க நிக்கிற வண்டியா வாங்குங்க" என்றார் முதலாளியிடம். விற்கிறவர் மறுபடியும் எச்பி என்று ஆரம்பித்தார். "எச்பி எல்லாம் ஏத்தத்துக்குங்க. எறக்கத்துல அது என்னத்தப் பண்ணும்? இந்தப் பெரிய வண்டி வடத்தப் பாருங்க, இத்தன ஒசரத்துலயிருந்து வருது. மரம் எங்காச்சும் சிக்குச்சுன்னா மூக்கத் தூக்கிரும்" என்று முடித்துவிட்டார். முதலாளி துருப்பிடித்ததையே வாங்கினார். எனக்கு ராஜா வண்டி மேல்தான் ஆசை. திரும்பி வரும் வழியெல்லாம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன். "பொண்ணு பாக்கப் போன மாதிரி பாக்கறயே சாமி, பெயிண்ட்டையா கட்டிக்கப் போற?" என்று கேட்டுச் சிரிக்க வைத்தார்.

அந்த வண்டியில் அவர் செய்த முதல் வேலை, ஒரு குவார்ட்டர் பாட்டிலைக் கட்டியதுதான். அவர் குடிக்க மாட்டார். ரோட்டோரம் கிடந்த காலிப் பாட்டிலைக் கழுவி, பாதி தண்ணீர் பிடித்து, துணிக்குப் போடும் சொட்டு நீலம் இரண்டு சொட்டு விட்டு, மூடிக்கு மேல் மெழுகு உருக்கி ஊற்றினார். அதை ஸ்டியரிங்குக்கு முன்னால் குறுக்காகப் படுக்க வைத்துக் கம்பியால் கட்டினார். வண்டி ஒரு பக்கம் சாய்ந்தால் நீலத் தண்ணீர் அந்தப் பக்கம் ஏறும். இரண்டு முனையிலும் மகளின் நகப்பூச்சால் சிவப்புக் கோடு போட்டார். "தண்ணி இந்தக் கோட்டத் தொட்டுதுன்னா எமன் பக்கத்தூட்டுல இருக்கறான்னு அர்த்தம். நின்னுரோணும்" என்றார். அப்புறம் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, வடத்தை மட்டும் இழுத்துக்கொண்டு நடந்துபோய் மரத்தைக் கட்டி விஞ்சில் இழுக்க வேண்டும். சோம்பேறித்தனம் பார்க்கக் கூடாது. சரிவில் நேராக ஏறு, நேராக இறங்கு, குறுக்கே மட்டும் திரும்பாதே என்பதை ஒரு நாளைக்குப் பத்து தடவை சொல்வார். எனக்குச் சலிப்பாக இருக்கும். தெரியுது அண்ணா, தெரியுது என்பேன்.

இனிமேல் எழுதுவதைத்தான் நான் பதினான்கு வருடம் எழுதாமல், சொல்லாமல் வைத்திருந்தேன்.

காலையில் ஒருவர் ஓட்டினால் மத்தியானம் மற்றவர் ஓட்டுவது எங்கள் வழக்கம். அன்றைக்கு மத்தியானம் என் முறை. முந்தின நாள் மழை பெய்திருந்தது. மரம் வெட்டுகிற ஆட்கள் மேட்டுக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். அண்ணன் எனக்கு மேலே, அடுத்த மரத்துக்குச் சங்கிலி போட்டுக்கொண்டிருந்தார். நான் வெறும் வண்டியோடு சரிவில் இறங்கினேன். கீழே பெரிய அடிக்கட்டை ஒன்று வழியை மறித்தது. அந்த இடத்தில் நின்று ரிவர்ஸ் எடுத்து நேராக ஏற வேண்டும். நான் என்ன செய்தேன் தெரியுமா? திருப்பினேன். பதினைந்து வருடம் உழவு ஓட்டிய கை. வரப்பு வந்ததும் டிராக்டரைத் திருப்பி அடுத்த சாலுக்குப் போகிற கை. நீலத் தண்ணீர் சிவப்பைத் தொட்டது. அதைக் கண்ணால் பார்த்தேன். பார்த்துக்கொண்டேதான் திருப்பினேன்.

வண்டி மெதுவாகத்தான் சாய்ந்தது. ஒரு சில்வர் ஓக் மரம் தடுத்திருக்காவிட்டால் உருண்டு ஓடைக்குப் போயிருக்கும், என்னையும் சேர்த்து. அண்ணன் ஓடி வந்து என்னை வெளியே இழுத்துப் போட்டார். "கைகால ஆட்டு சாமி, ஆட்டு" என்றார். ஆட்டினேன். எல்லாம் ஆடியது. அழுதேன். எனக்கு அடுத்த மாதம் கல்யாணம். பெண் வீட்டார் முதலாளிக்குச் சொந்தம். வண்டியைக் கவிழ்த்தவன் என்று தெரிந்தால் அந்தச் சம்பந்தம் அன்றோடு போச்சு. அது அவருக்கும் தெரியும். "நீ கீழ போயி ஒரு டீ குடிச்சுப்போட்டு வா" என்று அனுப்பினார்.

நான் திரும்பி வந்தபோது முதலாளி வந்திருந்தார். "நாந்தானுங்க ஓட்டுனேன்" என்று அண்ணன் சொல்லிக்கொண்டிருந்தார். நான் அவரைத் தனியாக இழுத்துப்போய் என்ன அண்ணா இது என்றேன். "எனக்குக் கல்யாணம் ஆகி ரெண்டு புள்ளைங்க இருக்குது. இனி எவன் வந்து எனக்குப் பொண்ணு குடுக்கோணும்? உனக்குத்தான் குடுக்கோணும். வாய மூடு" என்றார்.

மூடினேன்.

யாரும் எதிர்பார்க்காத ஒன்று அப்புறம் நடந்தது. கவிழ்ந்த வண்டியில் அந்தக் குவார்ட்டர் பாட்டில் உடையாமல் இருந்தது. பார்த்தவர்கள் ஆளுக்கொரு கதை கட்டினார்கள். ஒரு வாரத்தில், கந்தசாமி குடித்துவிட்டுக் கவிழ்த்தான் என்று மலையடிவாரம் முழுக்கப் பேச்சு. முதலாளி அவரை இரண்டு வருடம் ஸ்டியரிங்கைத் தொட விடவில்லை. பாட்டிலையும் கழற்றச் சொல்லிவிட்டார். எங்களில் நன்றாக ஓட்டத் தெரிந்தவர் சேற்றில் நடந்து சங்கிலி போட்டார். கவிழ்த்த நான் மேலே உட்கார்ந்து ஓட்டினேன். அவர் வண்டிக்கு முன்னால் நடந்து, கையை நீட்டி, வண்டி எந்தப் பக்கம் எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு உள்ளங்கையைச் சாய்த்துக் காட்டுவார். விரல்களை மடக்கினால் நிறுத்த வேண்டும். அந்தக் கையைப் பார்த்துத்தான் நான் உயிரோடு இருக்கிறேன். வெட்கம் பிடுங்கித் தின்னும்.

ஒரே ஒரு தடவை, என் மகள் பிறந்த பிறகு, சொல்லிவிடுகிறேன் அண்ணா என்றேன். "இப்பச் சொன்னா நீயும் பொய்யன், நானும் பொய்யன். விடு" என்றார். வற்புறுத்தியிருக்கலாம். அவர் வேண்டாம் என்றது எனக்கு வசதியாக இருந்தது. பொங்கலுக்கு அவர் எங்கள் வீட்டுக்கு வந்தால் என் மனைவிகூட "பாத்துங்கண்ணா, சேரக் கவுத்துராதீங்க" என்று கேலி செய்வாள். எல்லாரையும்விடச் சத்தமாக அவர்தான் சிரிப்பார். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

உடலை எடுத்துக் காரியம் முடிந்து எல்லாரும் கலைந்த பிறகு அவர் மகன் கார்த்தி என்னிடம் வந்தான். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் வேலை பார்க்கிறான், நல்ல பையன். தலையைக் குனிந்துகொண்டு, "சித்தப்பா, அப்பா அன்னைக்கு நெசமாலுமே குடிச்சிருந்தாருங்களா?" என்று கேட்டான். பள்ளிக்கூட நாளிலிருந்து அதை மனதில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறான். அப்பனிடம் கேட்கத் துணியவில்லை.

சொன்னேன். ஒன்று விடாமல் சொன்னேன். அவன் என்னை அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அண்ணி உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். "எனக்கு அன்னைக்கே தெரியுமுங்க. அவரு ஓட்டியிருந்தாக் கவுந்திருக்காதுங்களே" என்றார்கள். ஏன் அண்ணி, ஒரு வார்த்தை கேட்கவில்லையே என்றேன். "நீங்களா வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன் சாமி" என்றார்கள்.

கிளம்பும்போது கார்த்தி ஒரு துண்டில் சுற்றி அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்து கொடுத்தான். அப்பா பீரோவில் வைத்திருந்ததாம். மெழுகு அப்படியே இருக்கிறது, தண்ணீர் வெளுத்துவிட்டது, சிவப்புக் கோடு இருக்கிறது. இன்று காலை அதை நான் இப்போது ஓட்டும் இழுவை வண்டியில் குறுக்காகக் கட்டினேன். அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தப் பாட்டிலும் முன்னால் நடந்துபோன அந்தக் கையும்தான்.

இதைப் படிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். இனி எங்காவது கந்தசாமி பேச்சு வந்து, எந்தக் கந்தசாமி என்று யாராவது கேட்டால், மலையில் இழுவை வண்டி ஓட்டிய கந்தசாமி என்று சொல்லுங்கள். அந்தப் பழைய பட்டத்துக்கு ஆள் வேண்டுமென்றால், அயோத்தியாப்பட்டணத்தில் நான் இருக்கிறேன். கவுத்த சண்முகம் என்று கூப்பிடுங்கள். திரும்பிப் பார்ப்பேன்.