உர்சுலா சொல்லிக்கொடுத்த இரட்சணியம்

உர்சுலா ஞானோபதேசம் சொல்லிக்கொடுக்க ஆசைப்பட்டவர் இல்லை. 1931இல் பிரிக்ஃபீல்ட்ஸ் தமிழ்க் கத்தோலிக்கர்களின் உபதேசியார் கப்பலேறி ஊருக்குப் போய்விட்டார். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் பிரெஞ்சுச் சாமியார், "தமிழ் நன்றாக வாசிக்கத் தெரிந்தவர் யார்?" என்று கேட்டார். ஆண்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். உர்சுலா, தங்கச்சி பிள்ளை எங்கே ஓடியது என்று பார்க்கத் தலையைத் தூக்கினார். அன்றிலிருந்து பெண்பிள்ளைகளின் வகுப்பு அவருடையது.

அப்போது அவருக்கு வயது இருபத்து நான்கு. கிள்ளானில் பிறந்தவர். ரயில்வே வீடுகளுக்குப் பின்னால் ஒரு தையல் இயந்திரத்தோடு வாழ்ந்தார். கல்யாணம் இரண்டு முறை பேசி இரண்டு முறையும் நின்றது. மூன்றாம் முறை பேச வந்தவர்களிடம், கையில் தையல் வேலை நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார். உண்மையிலேயே நிறைய இருந்தது.

சனிக்கிழமை மூன்று மணிக்குக் கோயில் பின்கொட்டகையில் பன்னிரண்டு பெண்கள் வந்து உட்காருவார்கள். ஒன்பது வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை. ஈஸ்டருக்குப் புதுநன்மை, அதாவது முதன்முதலாக நாக்கில் நற்கருணை அப்பம், வாங்க வேண்டியவர்கள். அதற்கு முன் சாமியார் பரீட்சை வைப்பார். "சேசுநாதர் நமது பாவங்களுக்குப் பரிகாரமாகத் தம்மைத்தாமே சிலுவையில் பலியாக ஒப்புக்கொடுத்தார்" என்ற பதிலை எல்லோரும் ஒரே மூச்சில் சொன்னார்கள். மூச்சு முடிந்ததும் உர்சுலா, பலி என்றால் என்ன என்று கேட்டார்.

"முனியாண்டி கோயில்ல சேவல் அறுப்பாங்கல்லக்கா, அது" என்றாள் பிலோமி. பல்லிடுக்கு வழியாகச் சத்தமாகப் பேசுகிற பெண்.

"அது மாதிரி இல்ல."

"அப்ப ஆபிரகாம் பையனக் கட்டிப்போட்டாரே, அதுவா?"

"அதுல பையன் சாகல. ஆடு வந்துச்சு."

"அவங்கம்மா அப்ப எங்கக்கா போயிருந்தாங்க?"

"புஸ்தகத்துல போடல."

"பாசாருக்குப் போயிருப்பாங்க" என்று முடிவு செய்தாள் பிலோமி. மற்றவர்களுக்கும் அது சரியாகப் பட்டது.

இப்படி மூன்று சனிக்கிழமை போயிற்று. நாலாவது சனிக்கிழமை உர்சுலாவுக்குப் பெரட்டு ஞாபகம் வந்தது. அந்தப் பிள்ளைகளின் அப்பாக்கள் எல்லோரும் தண்டவாள வேலைக்கு வந்தவர்கள். காலையில் வரிசையாக நிற்பார்கள். கணக்கெழுதும் கிராணி பேரேட்டைப் பிரித்துப் பெயர் கூப்பிடுவார். ஒவ்வொருவரும் "இருக்கேன்" என்பார்கள். அதற்குப் பெயர்தான் பெரட்டு.

"நமக்கு எழுந்து போகவே தெம்பில்லன்னு வச்சுக்க. பாவத்துல படுத்துக் கெடக்கோம். அங்க நம்ம பேரக் கூப்புடுறாங்க. அப்ப சேசுநாதர் நம்ம எடத்துல நின்னுக்கிட்டு, இருக்கேங்கறாரு. நமக்கு வரவேண்டிய அடியெல்லாம் அவரு மேல விழுது. அதான் பலி. அதான் இரட்சணியம்."

பதினொரு பெண்களின் முகம் தெளிந்தது. எனக்கு அந்தக் கொட்டகையில் உட்கார்ந்து இதைக் கேட்டிருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக இருக்கிறது! பன்னிரண்டாவது பெண் டோரிஸ். அவள் எழுந்து போய்விட்டாள்.

காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். சொன்ன பிறகுதான் உர்சுலாவுக்கு உறைத்தது. அது வேலை சுருங்கிய காலம். மூன்று நாள் பெரட்டுக்கு வராதவன் பெயரை அடித்து, கப்பலில் ஏற்றி ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். சில மாதத்துக்கு முன் டோரிஸின் அப்பா இருதயத்தோடு வேலை செய்த சின்னையாவுக்குக் குளிர்காய்ச்சல். மூன்றாம் நாள் காலை கிராணி "சின்னையா" என்று கூப்பிட்டபோது, இருதயம் குரலை மாற்றி "இருக்கேன்" என்றார். தன் பெயருக்கும் சொன்னார். கிராணி தலையைத் தூக்கிப் பார்த்தார். சின்னையா அடுத்த கப்பலில் போனார். இருதயத்துக்கும் வேலை போய், அவர் பாசார் பக்கத்தில் விறகு பிளக்கப் போனார். அந்த ஞாயிறு சாமியார், பெரட்டில் பொய் சொல்வதும் பாவமே என்று பிரசங்கம் வைத்தார். பெயர் சொல்லவில்லை. எல்லோரும் இருதயத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு அவர் கோயிலுக்கு வரவில்லை.

உர்சுலா டோரிஸைக் குழாயடியில் பிடித்தார்.

"எங்கப்பாவும் அதத்தான் செஞ்சாரு. அவரு பொய்க்காரராம். சேசுநாதர் செஞ்சா மட்டும் இரட்சணியமா?" என்றாள் டோரிஸ். பதினோரு வயது. "எனக்குப் புதுநன்மை வேணாங்க்கா."

உர்சுலா அன்று ராத்திரி பதில் தேடினார். புத்தகத்தை இரண்டு முறை படித்துப் பார்த்தார். அதில் இல்லை.

பரீட்சை நாள் வந்தது. டோரிஸ் வரவில்லை. சாமியார் நாற்காலியில் உட்கார்ந்து பட்டியலைப் பார்த்துப் பெயர் கூப்பிட்டார். நிறையக் குடும்பங்கள் சேர்ந்த பெரிய பங்கு, பிள்ளைகளின் முகம் அவருக்கு அவ்வளவாகப் பழக்கமில்லை. பிலோமி வந்தாள், பிழையில்லாமல் சொன்னாள், போனாள். இன்னும் நாலு பேர் முடிந்தார்கள்.

"டோரிஸ்."

"இருக்கேன் சாமி" என்று குரல் வந்தது. தலையில் வேறொருத்தியின் ரிப்பனோடு பிலோமி மறுபடி வந்து நின்றாள்.

உர்சுலா தடுக்க எழுந்தார். அதற்குள் சாமியார் கேள்வி கேட்டார், பிலோமி பதில் சொன்னாள். மூன்றாவது கேள்வியில் சாமியார் பல்லிடுக்கைப் பார்த்தார்.

"நீ முன்பே வந்தாய் அல்லவா?"

"ஆமா சாமி. அது எனக்கு. இது டோரிசுக்கு."

"யார் உனக்கு இப்படிச் செய்யச் சொன்னது?"

"யாரும் சொல்லல. அக்கா சொல்லிக்குடுத்தாங்க, சேசுநாதர் இப்படித்தான் செஞ்சாருன்னு. தப்புன்னா அடிய எனக்கே குடுத்துருங்க சாமி." கையையும் நீட்டிவிட்டாள்.

சாமியார் அடிக்கவில்லை. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டு உர்சுலாவைப் பார்த்தார். உர்சுலா எல்லாவற்றையும் சொன்னார்.

"அந்த மனிதன் நோயாளிக்காகவா சொன்னான்?"

"ஆமா சாமி. சின்னையா நம்ம வேதங்கூட இல்ல."

"எனக்கு இது தெரியாது."

"நீங்க கேக்கல சாமி."

சாமியார் பட்டியலை மடித்தார். "புதுநன்மையை அவளுக்குப் பதிலாக வேறு யாரும் விழுங்க முடியாது. வா, போவோம்" என்று தொப்பியை எடுத்தார்.

நாலரை மணி வெயிலில் இருவரும் ரயில்வே வரிசை வீடுகளுக்குப் பின்னாலிருந்த இருதயம் வீட்டுக்குப் போனார்கள். இருதயம் வாசலில் சட்டையில்லாமல் கோடரிக்குக் காம்பு மாட்டிக்கொண்டிருந்தார். சாமியாரைக் கண்டதும் சட்டையைத் தேடி உள்ளே ஓடினார். டோரிஸ் மட்டும் நின்றாள்.

"எங்கப்பா செஞ்சது பாவமா சாமி?"

"பொய் பாவம்தான் மகளே."

"அப்ப சேசுநாதர்?"

சாமியார் தம் புத்தகத் தமிழில் தொடங்கினார். பரிகாரம் என்றார், பிதாவின் சித்தம் என்றார். டோரிஸ் முகம் மாறவில்லை. அவர் உர்சுலா பக்கம் திரும்பினார். "நீ சொல்."

உர்சுலா டோரிஸுக்கு எதிரே குந்தி உட்கார்ந்தார். 

"ஒங்கப்பா கிராணிக்குத் தெரியாம சொன்னாரு. அது பொய். பொய் இல்லன்னு நான் சொல்லமாட்டேன். ஆனா அந்தக் கிராணியே காய்ச்சக்காரனப் பாத்து எரக்கப்பட்டு, 'நீ படு, ஒன் எடத்துல என் மகன் நிப்பான்'னு சொந்த மகனயே அனுப்புனா? அதுல பொய் எங்க இருக்கு?"

"எந்தக் கிராணிக்கா அனுப்புவாரு? அவரு மகன் கொடயக்கூடத் தூக்கமாட்டான்."

"யாரும் அனுப்பமாட்டாங்க. சர்வேசுரன் அனுப்புனாரு. மகனும் சரின்னு வந்தாரு. அதுனாலதான் இத்தன வருசமா அதையே பேசிக்கிட்டு இருக்கோம்."

டோரிஸ் காலால் மரத்தூளைத் தள்ளினாள்.

"அனுப்புனவருக்கும் வலிச்சிருக்கும்" என்றாள்.

"வலிச்சிருக்கும்" என்றார் உர்சுலா. அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்கிறாள் பிலோமி. பிலோமி அங்கே எப்படி வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

"அப்ப எங்கப்பா?"

"ஒங்கப்பாவுக்கு அவர மாதிரி செய்ய ஆச வந்துருச்சு. செய்ற வழிதான் தெரியல."

இருதயம் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார்.

"நான் பொய்க்காரன் சாமி. கோயிலுக்கு வர மொகமில்ல."

"நான் விசாரிக்காமல் பேசியவன்" என்றார் சாமியார். "நாம் இரண்டு பேரும் ஒரே கோயிலுக்குத்தான் போக வேண்டும். வேறு கோயில் எனக்குத் தெரியாது. முதலில் உன் பாவசங்கீர்த்தனம், செய்த பாவத்தை என்னிடம் சொல்."

இருவரும் விறகு அடுக்குக்குப் பின்னால் போனார்கள். அங்கே என்ன பேசினார்கள் என்று யாருக்கும் தெரியாது. சாமியார் வெளியே வந்ததும் டோரிஸிடம் பரீட்சைக் கேள்வியைக் கேட்டார். அவள் பரிகாரம், பலி, ஒப்புக்கொடுத்தார் என்று ஒன்றும் விடாமல் சொன்னாள். ஒரே மூச்சில் சொல்லவில்லை. நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

இருதயத்துக்குத் தண்டவாள வேலை திரும்பக் கிடைக்கவில்லை. சின்னையாவிடமிருந்து கடிதமும் வரவில்லை. உர்சுலா அதற்குப் பிறகு பத்தொன்பது வருடம் அந்த வகுப்பை எடுத்தார். கிராணி மகன் கதையை ஒவ்வொரு வருடமும் சொன்னார்.

அந்த ஈஸ்டர் காலை பன்னிரண்டு பெண்களும் வெள்ளை உடுப்பில் முழந்தாளிட்டார்கள். பூசை முடிந்து வெளியே வந்த டோரிஸிடம், எப்படி இருந்தது என்று உர்சுலா கேட்டார்.

"அப்பம் மேலண்ணத்துல ஒட்டிக்கிச்சுக்கா. இன்னும் போகல."

அவளுக்குப் பின்னால் இருதயம் நின்றார். அவரும் நன்மை வாங்கியிருந்தார், ஐந்து மாதத்துக்குப் பிறகு. பேச வாயைத் திறக்காமல், நாக்கை மேலே அழுத்தியபடி, தனக்கும் அப்படித்தான் என்று தலையை மட்டும் ஆட்டினார்.