இடம் மாற்றிய சென்சார்

யூடியூபில் பார்த்துவிட்டு, எங்கள் காரின் இன்ஜினுக்குள் காற்று போகும் குழாயில் இருந்த வெப்ப சென்சாரை முன் பம்பருக்கு மாற்றினேன். அதன்மேல் குளிர்காற்று பட்டால் இன்ஜினின் இழுவை கூடும் என்று நம்பினேன். மனைவியிடம் சொல்லவில்லை. மறுநாள் அவளை ஆசிரியர் தேர்வுக்காக விருத்தாசலம் அழைத்துப் போனபோது, கருவேப்பிலங்குறிச்சி தாண்டி கார் திணறி நின்றுவிட்டது. அவள் கண் கலங்கினாள்.

பீங்கான் கப் ஏற்றிவந்த லோடு ஆட்டோக்காரர் ஒருவர் இறங்கிவந்து பானட்டைத் திறந்தார். நான் நீட்டி ஒட்டிய ஒயர் உரசி ஷார்ட் ஆகியிருந்தது.

"உள்ள போற காத்தோட சூட்டை அளக்குறதுங்க இது. வெளியில வெச்சா தப்பாதான் சொல்லும். இழுவை எப்புடிங்க கூடும்?" என்று என் காதோடு சொல்லிவிட்டு, அந்த ஒயரை வெட்டியெடுத்து, சென்சாரைப் பழைய இடத்திலேயே பொருத்திக் கொடுத்தார். கார் கிளம்பியது.

தேர்வு மையத்தின் கேட் மூடுவதற்குள் போய்ச் சேர்ந்தோம். அவள் இறங்கும்போது உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"எழுதிட்டு வந்து திட்டுறேன், இருங்க" என்று சிரித்தபடி உள்ளே ஓடினாள்.

அந்தத் திட்டுக்காக வாசலில் நிம்மதியாகக் காத்திருந்தேன்.